வேகம் முதலில் வந்தது, கட்டுப்பாடு 37 வயதில் வந்தது: அரோல்டிஸ் சாப்மன் – ஒரு நிகழ்வு ஆய்வு

கருவி வைத்து அளக்க ஆரம்பித்த காலத்திலிருந்து அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் வீசப்பட்ட மிக வேகமான பந்து, 2010 செப்டம்பர் 24 அன்று சான் டியேகோவின் பெட்கோ பார்க் மைதானத்தில் விழுந்தது. வேகம் மணிக்கு 105.8 மைல், நம் கணக்கில் சுமார் 170.3 கிலோமீட்டர். எதிரே நின்றவர் டோனி க்வின் ஜூனியர். வீசியவர் கியூபாவிலிருந்து வந்து ஒரு வருடத்துக்குச் சற்றே அதிகமாகியிருந்த 22 வயது இடது கைக்காரர் அரோல்டிஸ் சாப்மன். அன்றிலிருந்து அவர் பெயரோடு அந்த எண்ணும் ஒட்டிக்கொண்டது.

இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொள்வது வேறு ஒரு எண்: 15. 2025 சீசனில், 37 வயதில், 61⅓ இன்னிங்ஸ் வீசிய சாப்மன் கொடுத்த 'வாக்'குகள் அவ்வளவுதான். நான்கு பந்து குறி தவறினால் பேட்டர் ஓசியில் முதல் பேஸுக்குப் போய்விடுவார், அதுதான் வாக். 2011-ல், வேகத்தின் உச்சியில் இருந்தபோது, வெறும் 50 இன்னிங்ஸில் 41 வாக் கொடுத்தவர் இவர். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் பதினான்கு ஆண்டுகளைப் பார்த்தால்தான் இவருடைய தொழில் வாழ்க்கை புரியும் என்று நினைக்கிறேன். வேகம் அவருக்கு எல்லாக் கதவுகளையும் திறந்தது. அதே வேகத்தால் மற்றதைக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே அவருக்கு நெடுநாள் வரவில்லை.

ரிலீவர் என்ற வேலை

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். ஒரு இன்னிங்ஸில் ஒரு பிட்சர் (பந்து வீசுபவர்) எடுக்க வேண்டியது மூன்று அவுட், அதனால் ஒரு அவுட் என்றால் ⅓ இன்னிங்ஸ். தொடங்குகிற பிட்சர் இப்போதெல்லாம் ஐந்து, ஆறு இன்னிங்ஸோடு இறங்கிவிடுவார். அதற்குமேல் வருகிறவர்கள் எல்லாரும் ரிலீவர்கள். அவர்களிலும் கடைசி இன்னிங்ஸுக்கென்றே வைத்திருக்கும் ஆள் குளோசர். அணி மூன்று ரன் அல்லது அதற்கும் குறைவான முன்னிலையில் இருக்கும்போது வந்து, ஒரு இன்னிங்ஸாவது வீசி ஆட்டத்தை முடித்துக்கொடுத்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்' ஏறும்.

கிரிக்கெட்டில் கடைசி ஓவரை மட்டும் போடுவதற்காக ஒருவரை அணியில் எடுப்பது போன்ற வேலை இது. பதினைந்து, இருபது பந்துதான். அதனால் முழு பலத்தையும் கொட்டலாம். ஆனால் தப்பு செய்தால் திருத்திக்கொள்ள நேரம் கிடையாது. தொடங்குகிற பிட்சர் முதல் இன்னிங்ஸில் ஹோம் ரன் (பந்து வேலியைத் தாண்டும் அடி) கொடுத்தால் அணிக்கு இன்னும் எட்டு இன்னிங்ஸ் மிச்சம் இருக்கும். குளோசர் கொடுத்தால் சனங்கள் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒரு குளோசரின் பெயரில் மக்கள் நினைவில் வைத்திருப்பவை பெரும்பாலும் தோல்விகளாகவே இருப்பதற்கு இதுதான் காரணம். சாப்மனுக்கும் அப்படியே ஆனது.

ஒல்கின் முதல் ராட்டர்டாம் வரை

சாப்மன் 1988 பிப்ரவரி 28 அன்று கியூபாவின் கிழக்கே உள்ள ஒல்கின் மாகாணத்தில் பிறந்தார். ஸ்பானிஷ் பேசும் நாட்டில் 'சாப்மன்' என்ற ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது என்று பலர் கேட்பதுண்டு. தாத்தா வழி ஜமைக்கா. அப்பா குத்துச்சண்டைப் பயிற்சியாளர். பையன் பேஸ்பாலுக்கு வந்ததே 15 வயதில்தான், அதுவும் முதல் பேஸில் நிற்கும் ஃபீல்டராக. அவன் பந்தை எறிகிற வேகத்தைப் பார்த்த பயிற்சியாளர் ஒருவர்தான் பிட்சர் மேட்டுக்கு மாற்றினார். சிறு வயதிலிருந்தே பிட்சிங் பழகியவர்களுக்குக் கையில் ஊறியிருக்கும் நுணுக்கம் இவருக்கு இல்லாமல் போனதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

புரட்சிக்குப் பிறகு கியூபா தொழில்முறை விளையாட்டை ஒழித்துவிட்டது. 1961-62 முதல் அரசு நடத்தும் தேசியத் தொடர்தான் அங்கே உச்சம். சாப்மன் 2005-06-ல் ஒல்கின் அணிக்கு ஆட வந்தார். 2007-ல் ரியோவில் நடந்த பான் அமெரிக்கன் போட்டியில் தங்கம் வென்ற கியூபா அணியிலும் இருந்தார்.

2008 வசந்த காலத்தில் நாட்டைவிட்டுத் தப்பிக்கப் பார்த்தார், பிடிபட்டார். அதிபர் ராவுல் காஸ்ட்ரோ முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டதாகவும், நிபந்தனையோடு மன்னிப்பு கிடைத்ததாகவும் பின்னாளில் அவரே சொன்னார். அந்த சீசனின் மிச்சப் பகுதி போயிற்று, பெய்ஜிங் ஒலிம்பிக் வாய்ப்பும் போயிற்று. அடுத்த ஆண்டு உலக பேஸ்பால் கிளாசிக்குக்கு மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட கையை வீட்டில் உட்கார வைக்க அவர்களுக்கும் மனம் வரவில்லை போலும்.

2009 ஜூலை 1. கியூபா அணி ஒரு போட்டித் தொடருக்காக நெதர்லாந்தின் ராட்டர்டாமில் தங்கியிருந்தது. சாப்மன் ஓட்டலின் முன்வாசல் வழியாகவே வெளியே நடந்தார், தெரிந்தவர் ஒருவர் நிறுத்தியிருந்த காரில் ஏறினார், போய்விட்டார். சுவர் ஏறிக் குதிக்கவும் இல்லை, படகேறவும் இல்லை. ஆனால் அவர் விட்டுப்போனது சின்ன விஷயம் இல்லை. சில நாட்களுக்கு முன்புதான் கியூபாவில் அவருக்கு மகள் பிறந்திருந்தாள். அவளைப் பார்க்காமலேயே போனார்.

நேரே அமெரிக்கா போகாமல், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையில் மலைமேல் இருக்கும் குட்டி நாடான அண்டோராவில் அவர் குடியேறியது பலருக்குப் புதிராகத் தெரியும். அதற்குப் பின்னால் தெளிவான கணக்கு இருந்தது. அமெரிக்காவில் குடியேறும் கியூபா வீரர் மற்ற உள்ளூர் இளைஞர்களைப் போல வரிசையில் நின்று, தன்னைத் தேர்ந்தெடுக்கும் ஒரே அணியோடு மட்டும் பேரம் பேச முடியும். மூன்றாவது நாட்டில் குடியேறினால் எல்லா அணிகளோடும் பேசலாம், ஏலம் ஏறும். கியூபா மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடையும் குறுக்கே நிற்பதால், வேறொரு நாட்டில் வசிப்பவர் என்று காட்டிய பிறகே ஒப்பந்தம் போட முடியும். 2010 ஜனவரியில் சின்சினாட்டி ரெட்ஸ் அணி ஆறு ஆண்டுகளுக்கு 3.025 கோடி டாலர் கொடுத்து அவரை எடுத்தது.

இந்தச் சுற்றுவழியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2018 டிசம்பரில் மேஜர் லீக்கும் கியூபா பேஸ்பால் கூட்டமைப்பும் ஓர் ஒப்பந்தம் போட்டன. வீரர்கள் ஓடி ஒளியாமல், குடும்பத்தைப் பிரியாமல், முறையாக வந்து ஆடலாம் என்பதுதான் அதன் சாரம். 2019 ஏப்ரலில் டிரம்ப் அரசு அதை ரத்து செய்துவிட்டது. கடத்தல்காரர்களின் கையில் மாட்டிப் பணத்தையும் நிம்மதியையும் இழந்த கியூபா வீரர்கள் எத்தனையோ பேர். அந்தக் கதவு மூடப்பட்டது பெரிய அநியாயம்.

தொடங்குவதா, முடிப்பதா

ரெட்ஸ் அவரை முதலில் லூயிவில் நகரில் உள்ள தங்கள் கீழ்நிலை அணிக்கு அனுப்பியது. அங்கே தொடக்கப் பிட்சராகத்தான் இறங்கினார். கட்டுப்பாடு வரவில்லை. சீசன் நடுவில் ரிலீவராக மாற்றினார்கள். குறைந்த பந்து, முழு வேகம் என்றதும் ஆளே மாறிவிட்டார். ஆகஸ்ட் 31 அன்று மில்வாக்கிக்கு எதிராக மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். மூன்றரை வாரம் கழித்து அந்த 105.8.

அன்று திரையில் காட்டியது 105.1 மைல்தான். அப்போதைய கேமரா முறை, பந்து கையை விட்டுச் சில அடி பறந்த பிறகே வேகத்தைக் கணக்கிட்டது. கையைவிட்ட நொடியிலேயே அளக்கும் முறை பிறகு வந்தபோது, பழைய எண்களையும் அதற்கேற்பத் திருத்தினார்கள். அப்படித்தான் 105.8 ஆனது. மேட்டிலிருந்து ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். அந்த வேகத்தில் பந்து பேட்டரிடம் வந்து சேர அரை நொடி கூட ஆகாது, 0.4 நொடிக்கும் குறைவு. அடிப்பதா விடுவதா என்ற முடிவை அதில் பாதி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கிரிக்கெட்டில் 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் வீசிய 161.3 கிலோமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். அங்கே ஓடிவந்து, கையை மடக்காமல் வீச வேண்டும்; இங்கே நின்ற இடத்திலிருந்து முழங்கையை மடக்கி எறியலாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இருந்தாலும், ஓட்டமே இல்லாமல் 170-ஐத் தொட்டிருக்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2012 வசந்த காலப் பயிற்சியில் அவரை மறுபடி தொடக்கப் பிட்சராக்கத்தான் அணி தயாரானது. அப்போது குளோசராக எடுத்திருந்த ரயன் மேட்சனுக்கு முழங்கைத் தசைநார் கிழிந்தது. சாப்மன் புல்பென்னுக்கு, அதாவது ரிலீவர் வரிசைக்கு, திரும்பினார், ஜூன் முதல் வாரம் வரை அவர் கணக்கில் ஒரு ரன்கூடப் பதிவாகவில்லை. முடிவில் 71⅔ இன்னிங்ஸில் 122 ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது), 38 சேவ். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன் 1.51. அந்த வருடம் அவர் கொடுத்த வாக் 23 மட்டுமே. கட்டுப்பாடு அவரிடம் இல்லாமல் இல்லை, வந்துவந்து போனது என்பதற்கு இந்த சீசனே சாட்சி.

2013-லும் அதே விவாதம் கிளம்பியது. குளோசராகவே இருக்க ஆசை என்று சாப்மன் சொன்னார், மேனேஜர் டஸ்டி பேக்கரும் அந்தப் பக்கம்தான். வருடத்துக்கு 60 இன்னிங்ஸ் வீசுபவரை 180 இன்னிங்ஸ் வீச வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சின்சினாட்டி ரசிகர்கள் இன்னமும் பேசுவார்கள். என் கணிப்பில், அணிக்கு அது நஷ்டம், அவருக்கு லாபம். மூன்றாவது, நான்காவது வகைப் பந்தைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டிய நெருக்கடி அவருக்கு வராமல் போனது உண்மை. ஆனால் அதே முடிவுதான் அந்தக் கையை இத்தனை வருடம் காப்பாற்றியது.

முகத்தில் பட்ட பந்து

2014 மார்ச் 19, அரிசோனாவில் பயிற்சி ஆட்டம். கான்சாஸ் சிட்டியின் சால்வடோர் பெரெஸ் அடித்த பந்து நேராக வந்து சாப்மனின் முகத்தில் பட்டது. அவர் மேட்டிலேயே சுருண்டு விழுந்தார், ஆட்டத்தை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். இடது கண்ணுக்கு மேலே எலும்பு முறிவு. அறுவை சிகிச்சையில் உலோகத் தகடு வைத்தார்கள். மே 11 அன்று திரும்பி வந்தார். அந்த சீசனில் 54 இன்னிங்ஸில் 106 ஸ்ட்ரைக்-அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்கு 17.67 என்ற அந்த விகிதம், 50 இன்னிங்ஸாவது வீசியவர்களில் அதுவரை யாரும் எட்டாதது. முந்தைய ஆண்டிலிருந்து தொடர்ச்சியாக 49 ஆட்டங்களில் குறைந்தது ஒரு ஸ்ட்ரைக்-அவுட் எடுத்து, ப்ரூஸ் சட்டரின் பழைய சாதனையையும் தாண்டினார். அடி வாங்கிய இரண்டே மாதத்தில் அதே 60 அடி தூரத்தில் போய் நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

2015-ல் மேஜர் லீக் புதிய அளவீட்டு முறையைப் பொதுவில் வைத்தபோது, வேகமான பந்துகளின் பட்டியலைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை சாப்மன் பெயரே வந்தது. மற்றவர்களையும் பார்ப்பதற்காக, அவரை மட்டும் நீக்கிக் காட்டும் ஒரு பொத்தானை அந்தப் பக்கத்தில் வைத்தார்கள். சாப்மன் வடிகட்டி என்றே அதற்குப் பெயர்.

தள்ளுபடி விலை

இனி சொல்லப்போவது இந்த ஆய்வின் கசப்பான பகுதி. இதைத் தவிர்த்துவிட்டு இவரைப் பற்றி எழுதுவது நேர்மையில்லை.

2015 அக்டோபர் 30 இரவு, ஃபுளோரிடாவில் அவர் வீட்டில் நடந்த சண்டைக்குப் போலீஸ் வந்தது. கழுத்தைப் பிடித்து நெரித்ததாக அவருடைய காதலி சொன்னதாகப் போலீஸ் அறிக்கையில் இருந்தது. கராஜுக்குள் சாப்மன் எட்டு முறை துப்பாக்கியால் சுட்டதும் பதிவானது. அந்தப் பெண்ணுக்குத் தான் தீங்கு செய்யவில்லை என்றார் அவர். துப்பாக்கியை எடுத்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, ஆதாரம் போதவில்லை என்று அரசு வழக்கறிஞர்கள் குற்ற வழக்குப் போடவில்லை. மேஜர் லீக் அதே ஆண்டு கொண்டுவந்திருந்த குடும்ப வன்முறைக் கொள்கையின் கீழ் அவருக்கு 30 ஆட்டத் தடை விதித்தது. அந்தக் கொள்கையில் தடை பெற்ற முதல் வீரர் அவர்தான்.

டிசம்பரில் அந்த அறிக்கை வெளியே வந்ததும், சாப்மனை வாங்கவிருந்த லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பின்வாங்கியது. அந்த மாதக் கடைசியில் நியூயார்க் யாங்கீஸ் நான்கு இளம் வீரர்களைக் கொடுத்து எடுத்துக்கொண்டது. சூழ்நிலையால் விலை இறங்கியிருந்தது என்பதை யாங்கீஸ் பொது மேலாளர் பிரையன் கேஷ்மனே மறைக்கவில்லை. ஏழு மாதம் கழித்து, 2016 ஜூலை 25 அன்று, அதே சாப்மனை சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்து, அப்போது நாட்டின் முன்னணி இளம் திறமைகளில் ஒருவராக இருந்த க்ளேபர் டோரஸ் உட்பட நான்கு பேரை வாங்கியது.

ஒரு பெண் போலீஸைக் கூப்பிட்ட இரவு, வீரர் சந்தையில் தள்ளுபடியாக மாறியது. தடை முடிந்ததும் விலை பழையபடி ஏறியது. இந்தக் கணக்கில் அந்தப் பெண் எங்கேயும் இல்லை. சாப்மனின் சேவ் எண்ணிக்கையை ரசிக்கும்போதும் இது என் மனதை உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும்.

நான்கு நாளில் 97 பந்து

கப்ஸ் 1908-க்குப் பிறகு கோப்பையைத் தொட்டதில்லை. சாம்பியனை முடிவு செய்யும் 2016 உலகத் தொடரில் கிளீவ்லாந்து 3-1 என்று முன்னிலையில் இருந்தது. அக்டோபர் 30, ஐந்தாவது ஆட்டம்: மேனேஜர் ஜோ மேடன் சாப்மனை ஏழாவது இன்னிங்ஸிலேயே இறக்கினார். எட்டு அவுட், 42 பந்து, வெற்றி. ஒரு குளோசருக்கு இது வழக்கத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்கு வேலை.

ஒரு நாள் ஓய்வு. நவம்பர் 1, ஆறாவது ஆட்டம். கப்ஸ் 7-2 என்று முன்னால் இருந்தபோது, ஏழாவது இன்னிங்ஸில் மறுபடி சாப்மன். ஐந்து ரன் முன்னிலை! ஒன்பதாவதில் 9-2 ஆன பிறகும் அவரே மேட்டுக்கு வந்தார், ஒரு வாக் கொடுத்த பிறகுதான் மாற்றினார்கள். இன்னும் 20 பந்து. மறுநாளே ஏழாவது ஆட்டம்.

எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், 6-3, ஒருவர் பேஸில். சாப்மன் வந்தார். பிராண்டன் கைர் அடித்த டபுளில் (இரண்டாவது பேஸ் வரை ஓடும் அடி) 6-4. அடுத்து ரஜாய் டேவிஸ். ஹோம் ரனுக்குப் பெயர் போனவர் இல்லை, பேஸ் திருடுவதில் வல்லவர். மட்டையில் கையை நன்றாக மேலே ஏற்றிப் பிடித்திருந்தார், வேகத்துக்கு எப்படியாவது பந்தைத் தொட்டால் போதும் என்பதுபோல. சாப்மனின் பந்து 97 மைலில், உள்பக்கமாகத் தாழ்ந்து வந்தது. மற்ற பிட்சர்களுக்கு அது நல்ல வேகம். சாப்மனுக்கு அது களைப்பு. டேவிஸ் அதை இடதுபக்கச் சுவருக்கு மேலே அனுப்பினார். 6-6.

பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸுக்கும் சாப்மன்தான் வந்தார், மூன்று பேரையும் வரிசையாக அவுட்டாக்கினார். வேகம் குறைந்துவிட்டது என்பது அவருக்கே தெரிந்ததால், பக்கவாட்டில் வளையும் ஸ்லைடர் பந்தை அதிகம் நம்பி வீசினார். அப்புறம் 17 நிமிட மழை இடைவேளை, அதில் அவர் அழுதுகொண்டிருந்ததாகச் சக வீரர்கள் சொன்னார்கள். பத்தாவதில் கப்ஸ் 8-7 என்று வென்றது. பதிவேட்டில் வெற்றி பெற்ற பிட்சர்: அரோல்டிஸ் சாப்மன். தன்னைப் பயன்படுத்திய விதத்தில் தனக்கு உடன்பாடு இல்லை என்று டிசம்பரில் வெளிப்படையாகவே சொன்னார், மேனேஜர் சொன்னால் வீசுவதுதான் தன் வேலை என்பதையும் சேர்த்துக்கொண்டார். ஆறாவது ஆட்டத்தின் அந்த 20 பந்துக்கு மேடனிடம் நியாயம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நியூயார்க்கின் இரண்டு அக்டோபர்கள்

2016 டிசம்பரில் யாங்கீஸ் அவரைத் திரும்ப வாங்கியது. ஐந்து ஆண்டு, 8.6 கோடி டாலர். அதுவரை எந்த ரிலீவரும் பெறாத தொகை. 2019-ல் 37 சேவ் எடுத்து, அமெரிக்கன் லீக்கின் சிறந்த ரிலீவர் விருதும் வாங்கினார்.

ஆனால் அந்த அக்டோபர் 19 ஹூஸ்டனில் கசந்தது. லீக் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-4, இரண்டு அவுட். ஜார்ஜ் ஸ்பிரிங்கருக்கு வாக். அடுத்து வந்த ஹோசே அல்டூவே ஒரு ஸ்லைடரை அடித்துத் தொடரையே முடித்துவிட்டார். பந்து போன திசையைப் பார்த்து சாப்மன் சிரித்தார். நம்ப முடியாமல் வந்த சிரிப்பு அது. நியூயார்க் ரசிகர்கள் அதை மன்னிக்கவே இல்லை. ஹோம் ரனைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். முந்தைய வாக்கைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

2020 செப்டம்பர் 1 அன்று டாம்பா பேயின் மைக் ப்ரோஸோவின் தலைக்கருகே 101 மைல் பந்தை வீசித் தடை வாங்கினார். ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 9, பிளே-ஆஃப் சுற்றின் கடைசி ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ், 1-1. எதிரே அதே ப்ரோஸோ, கல்லூரி முடித்தபோது எந்த அணியும் தேர்ந்தெடுக்காத ஆள். தட்டியும் விட்டும் பத்தாவது பந்துவரை இழுத்தார். அந்தப் பந்து 100 மைல். அது இடதுபக்க வேலியைத் தாண்டியது, டாம்பா பே 2-1 என்று வென்றது. கொரோனாவால் பொது மைதானத்தில் நடந்த ஆட்டம் அது. அந்த மைதானம் சான் டியேகோவின் பெட்கோ பார்க்! பத்தாண்டுகளுக்கு முன் 105.8 வீசிய அதே மேடு.

2021-ல் 56⅓ இன்னிங்ஸில் 38 வாக். 2022-ல் 36⅓ இன்னிங்ஸில் 28. குளோசர் இடம் க்ளே ஹோம்ஸ் கைக்குப் போனது. பச்சை குத்திய இடத்தில் கிருமி தொற்றி ஆகஸ்டில் உட்கார்ந்தார். அக்டோபரில் கட்டாயப் பயிற்சிக்கு வராததால் பிளே-ஆஃப் அணியிலிருந்தே நீக்கப்பட்டார். கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

15 வாக்

கான்சாஸ் சிட்டி 2023-ல் ஓராண்டுக்கு வெறும் 37.5 லட்சம் டாலருக்கு எடுத்தது. முன்பு வாங்கியதோடு ஒப்பிட்டால் மிகச் சின்னத் தொகை. ஜூனில் கோல் ரேகன்ஸ் உட்பட இருவரை வாங்கிக்கொண்டு டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்தது. டெக்சஸ் தன் முதல் கோப்பையை வென்றது, சாப்மனுக்கு இரண்டாவது. ரேகன்ஸ் கான்சாஸ் சிட்டியின் முன்னணிப் பிட்சராக வளர்ந்ததால் அந்தப் பேரத்தில் இரண்டு பக்கமும் லாபம். அடுத்த வருடம் பிட்ஸ்பர்க். அங்கேதான் இடது கை ரிலீவர்களில் அதிக ஸ்ட்ரைக்-அவுட் எடுத்திருந்த பில்லி வாக்னரை முந்தினார். வாக் மட்டும் மாறவில்லை. 61⅔ இன்னிங்ஸில் 39.

2025-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ். கிட்டத்தட்ட அதே அளவு வேலை, 61⅓ இன்னிங்ஸ். வாக் 39-லிருந்து 15 ஆனது. ஸ்ட்ரைக்-அவுட் 85, ஹிட் (பேட்டர் அடித்து பேஸை எட்டுவது) 28 மட்டுமே, ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.17, சேவ் 32. ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை 17 ஆட்டங்களில் ஒருவர்கூட அவரிடம் ஹிட் எடுக்கவில்லை. லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு எட்டாவது தேர்வு. மறுபடியும் லீக்கின் சிறந்த ரிலீவர்.

ஒரு குளோசருக்கு வாக் குறைவதால் என்ன நடக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். மூன்று பந்து குறி தவறியதும் பிட்சர் நடுவில் போட்டே ஆக வேண்டும். பேட்டருக்கும் அது தெரியும். 100 மைல் பந்துக்கும் அதன் நேரம் முன்பே தெரிந்துவிட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு, அது ப்ரோஸோ காட்டியது. முதல் இரண்டு பந்தையும் குறியில் போட்டுவிட்டால் நிலைமை தலைகீழ். பேட்டர்தான் தற்காத்துக்கொண்டு நிற்க வேண்டும். நேர்ப்பந்து, தாழ்ந்து விலகும் சிங்க்கர், ஸ்லைடர், 2021-ல் சேர்த்துக்கொண்ட, கடைசியில் சட்டென விழும் ஸ்ப்ளிட்டர் என்று நான்கில் எது வரும் என்று ஊகிக்க வேண்டும். சாப்மன் இன்னமும் 100 மைலைத் தொடுகிறார். ஆனால் வேகத்தை இப்போது அவர் நான்கு கருவிகளில் ஒன்றாக வைத்திருக்கிறார், ஒரே கருவியாக வைத்திருக்கவில்லை. 2012-ல் தானாக வந்துபோன கட்டுப்பாடு, இந்த முறை தேவையால் வந்தது. பழைய கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது, வேறு வழியில்லை.

2025 செப்டம்பர் 30, பிளே-ஆஃப் முதல் ஆட்டம், யாங்கீ ஸ்டேடியம். காரெட் க்ரோஷே 7⅔ இன்னிங்ஸ் வீசி 2-1 என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார். எட்டாவதின் கடைசி அவுட்டை சாப்மன் எடுத்தார். ஒன்பதாவதில் பாஸ்டன் அதை 3-1 ஆக்கியது. பிறகு யாங்கீஸின் பால் கோல்ட்ஸ்மிட், ஆரோன் ஜட்ஜ், கோடி பெலிஞ்சர் மூவரும் வரிசையாக ஹிட் அடித்தார்கள். மூன்று பேஸும் நிரம்பியாயிற்று, அவுட் ஒன்றுகூட இல்லை. ஆறு வருடம் தங்களுக்கு ஆடியவரைக் கூட்டம் முழுத் தொண்டையோடு கூவி மிரட்டிக்கொண்டிருந்தது. ஜான்கார்லோ ஸ்டாண்டன் ஸ்ட்ரைக்-அவுட். ஜாஸ் சிஸ்ஹோம் அடித்தது வலதுபக்கம் குட்டையான கேட்ச், மூன்றாவது பேஸில் இருந்தவரால் ஓட முடியவில்லை. ட்ரெண்ட் க்ரிஷம் ஸ்ட்ரைக்-அவுட். மூன்று பேர் பேஸில் இருக்க, ஒரு வாக் கொடுத்தாலும் ஒரு ரன் போயிருக்கும். கொடுக்கவில்லை.

அடுத்த இரண்டு ஆட்டங்களையும் யாங்கீஸ் வென்று பாஸ்டனை வெளியேற்றியது. அவற்றில் சாப்மன் வந்து காப்பாற்றும்படி முன்னிலை எதுவும் அமையவில்லை. பாஸ்டன் அக்டோபர் வரை காத்திருக்கவும் இல்லை. ஆகஸ்டிலேயே 2026-க்கு 1.33 கோடி டாலர் பேசி ஒப்பந்தத்தை நீட்டியிருந்தது. 367 சேவ், 1,331 ஸ்ட்ரைக்-அவுட் என்ற கணக்கோடு, 38 வயதில் அந்த சீசனுக்குள் நுழைகிறார்.